பரீட்சையில் எந்தப் புத்தரை எழுதுவது?

கெங்குவார்பட்டியில் எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். போன வாரம் புத்தர் பாடம். கிழவர், நோயாளி, பிணம், துறவி என நான்கு காட்சிகளைக் கண்டு சித்தார்த்தர் துறவு பூண்டார் என்று வாசித்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: "இருபத்தொம்பது வயசு வரைக்கும் ஒரு கெழவரக்கூடவா பாக்கல அண்ணே?"

அண்ணல் அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில் எழுப்பிய கேள்வி இது. அவளுக்கு அது தெரியாது.

இந்தக் கதை ஐரோப்பியர் கட்டியதல்ல. பழைய பௌத்த நூல்களிலேயே உண்டு. ஆனால் அதை உலகெங்கும் பரப்பியதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. புத்தர் யாரென்று தெரியாமலே அவரை வணங்கியவர்கள் அவர்கள். 'போதிசத்துவர்' என்ற சொல் பல மொழிகள் கடந்து 'யோசபாத்' ஆகி, நவம்பர் 27இல் கிறித்தவப் புனிதராக நினைவுகூரப்பட்டது. பின்னால் வந்த பாதிரிமாருக்கு அதே புத்தர் வெறும் விக்கிரகம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஜோன்ஸ், சிலைகளின் சுருள்முடியைப் பார்த்து அவரை ஆப்பிரிக்காவோடு தொடர்புபடுத்தினார். 1844இல் பர்னூஃப், நேபாளத்திலிருந்து வந்த சமற்கிருதச் சுவடிகளைப் படித்து, இந்திய மண்ணில் வாழ்ந்த மனிதராக அவரை நிறுத்தினார். 1879இல் எட்வின் ஆர்னால்டு உருக்கமான இளவரசராகப் பாடினார். அதைத்தான் கவிமணி 'ஆசிய ஜோதி' ஆக்கினார். அது நம் பள்ளிக்கூடத்துக்கும் வந்தது.

அறியாமையிலிருந்து அறிவுக்கு வந்த பயணமாக இதைச் சொல்வது ஆய்வுலக வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரவர் தேவைக்கு ஒரு புத்தர். நமக்கும் தேவை இருந்தது, அதை ஒளிக்கவேண்டியதில்லை. 1898இல் அயோத்திதாசர், அமெரிக்கரான ஆல்காட்டின் துணையோடுதான் கொழும்பு போய்ப் பஞ்சசீலம் ஏற்றார். ஆனால் புத்தரை அவர் தேடியது மணிமேகலையிலும் வீரசோழியத்திலும் நிகண்டுகளிலும், நம் பண்டிகைகளிலும். அவர் கண்ட புத்தரில் சாதி மறுப்பு ஓரமாக நிற்கவில்லை.

அம்பேத்கர் சொல்லும் துறவு வேறு. சாக்கியருக்கும் கோலியருக்கும் ரோகிணி ஆற்றுத் தண்ணீரில் தகராறு. சாக்கியர் சங்கம் போருக்குத் தீர்மானம் போடுகிறது. சித்தார்த்தர் மறுக்கிறார். குடும்பத்தைச் சமூகப் புறக்கணிப்பு செய்வோம், நிலத்தைப் பறிப்போம் என்று மிரட்டுகிறார்கள். குடும்பத்தைத் தண்டிக்காதீர்கள் என்று சொல்லி, அவர் நாட்டைவிட்டு வெளியேறுகிறார்.

பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன். மஞ்சளாற்றுத் தண்ணீருக்கு நடக்கும் சண்டையைக் கேட்டு வளர்ந்தவர்கள், விளக்கம் தேவைப்படவில்லை. "ஊர விட்டுத் தள்ளி வெச்சிட்டாங்களா?" என்றான் ஒருவன்.

அந்தச் சிறுமி மட்டும் நோட்டை மூடாமல் இருந்தாள். "பரீட்சையில எத எழுத அண்ணே?"

பாடத்தில் இருப்பதை எழுது என்றேன். சொன்ன எனக்கே வெட்கமாக இருந்தது.