மதிலுக்கு உள்ளும் புறமும்

ஒரகடத்திலிருந்து திருப்பெரும்புதூர் நோக்கிச் செல்வோர் இருவகைப் பசுமையைக் காண்கின்றனர். தொழிற்சாலை மதிலுக்கு உள்ளே மட்டமாக வெட்டிய புல்தரை, வரிசை பிசகாத மரங்கள், சொட்டுநீர்க் குழாய், கத்தரியோடு தோட்டப் பணியாளர். மதிலுக்கு வெளியே களா, காரை, சூரை, ஈச்சம்புதர், இடையிடையே பனை. அவற்றின் காலடியில் கட்டட இடிபாடும் நெகிழிக் குப்பையும். முன்னது அரசின் கணக்கில் ஏறுகிறது. பின்னதைக் கேட்பாரில்லை.

1996இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது முதல் இவ்வட்டாரம் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரியவைத்திருக்கிறது. அதைப் பழிப்பது நன்றியன்று. நம் வினா வேறு. சுற்றுச்சூழல் அனுமதி பெறும் தொழில் திட்டங்களுக்கு, நிலப்பரப்பில் 33 விழுக்காடு பசுமை வளையம் வேண்டும் என்பது நெடுங்காலம் வழக்கமான நிபந்தனையாக இருந்தது. நடைமுறையில் நிகழ்வது என்ன? இருந்த புதர்க்காட்டைப் பொக்லைன் கொண்டு வழித்தெடுத்துவிட்டு, அதே மண்ணில் நாற்றுப் பண்ணைக் கன்றுகளை நட்டுக் கணக்குக் காட்டுகிறோம். விரைந்து வளர்கிறது என்பதற்காகப் பலரும் விரும்பி நட்ட கோனோகார்பஸ் மரத்துக்குக் குஜராத் அரசு 2023இல் தடை விதித்ததை இங்கே நினைவூட்டுவது தகும்.

காஷ்மீரத்துக் குல்மார்க் போன்ற பனிச்சறுக்குத் தலங்களிலும் செப்பனிட்டது, தொடாதது என இவ்விருவகை உண்டு. பழகுநர்க்குப் பொறியால் சமன்செய்த சரிவு வேண்டும். தேர்ந்தோர் ஊசியிலை மரங்களினூடே கிடக்கும் தீண்டாப் பனியைத் தேடுவர். எச்சரிவைச் செப்பனிடுவது என்பதைப் போலவே எதைத் தொடாது விடுவது என்பதும் அங்கே நிர்வாகம் எண்ணித் துணிய வேண்டிய முடிவு. நம் தொழிற்பூங்காக்களிலோ, தொடாது விட்ட நிலம் மனையாகப் பிரிக்கப்படக் காத்திருக்கும் நிலமாகவே எண்ணப்படுகிறது.

இவ்வெண்ணத்தின் விலையை நீர் வழியே செலுத்துகிறோம். திருப்பெரும்புதூர் ஏரியின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சேர்கிறது. ஆதனூர், மணிமங்கலம் பகுதி ஏரிகளின் நீர் அடையாற்றுக்குச் செல்கிறது. புதர் மண்டிய மேட்டுநிலம் மழையைத் தேக்கி மெல்ல விடும். கற்காரைத் தளமோ பெய்த நாழிகையிலேயே தள்ளிவிடும். புல்தரை இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. கோடையில் அதற்கே நீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கியதற்குக் காரணங்கள் பல; அப்பழி முழுவதையும் இத்தொழில் வட்டாரத்தின் மேல் ஏற்றுவது முறையாகாது. ஆயினும் வரத்துக்கால்கள் தூர்ந்ததும் மேய்ச்சல் நிலம் தளமானதும் அவற்றுள் அடங்கும்.

அழகுத் தோட்டம் வேண்டாம் என்பார் இலர். வெயிலில் பேருந்துக்கு நிற்கும் தொழிலாளிக்கு நட்ட மரத்தின் நிழலும் நிழலே. ஆனால் பசுமை வளையத்தில் ஒரு பங்கேனும் மண்ணுக்குரிய புதர்க்காடாகவே நிலைக்க வேண்டும். நட்டதற்கு நிகராக விட்டதும் கணக்கில் ஏற வேண்டும். சீமைக் கருவேலத்தை அகற்றுவதும் குப்பை கொட்டுவோரைத் தடுப்பதும் அப்புதர்க்காட்டைக் காப்பதில் அடங்கும். ஏரி எல்லைக்கும் ஓடைக் கரைக்கும் கல் நட்ட பின்னரே தொழிற்பூங்காக்களை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட் மனை பிரிக்கட்டும். ஒதுக்கீட்டு ஆணை கைமாறிய பின் இவற்றைப் பேசிப் பயனில்லை. இனி வரும் பூங்காக்களின் முதல் வரைபடத்திலேயே அரசு இந்த எல்லையை வரைந்து காட்ட வேண்டும்.