குஜ்ஜர்கள்: ஒரு மாநிலத்தில் அரச வம்சம், இன்னொன்றில் பழங்குடி

2021 செப்டெம்பர் 22ஆம் திகதி, டில்லிக்கு அருகே தாத்ரி என்ற ஊரிலுள்ள கல்லூரி ஒன்றில் ஒரு சிலை திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் உத்தரப் பிரதேச முதலமைச்சர் யோகி ஆதித்யநாத். சிலையாக நின்றவர் மிஹிர போஜன். ஒன்பதாம் நூற்றாண்டில் கன்னோஜைத் தலைநகராகக் கொண்டு வட இந்தியாவின் பெரும்பகுதியை ஆண்ட அரசன். சிலையோடு வைக்கப்பட்ட பெயர்ப்பலகையில் அரசனின் பெயருக்கு முன்னால் இருந்த 'குர்ஜர்' என்ற சொல் மறைக்கப்பட்டது. குஜ்ஜர்கள் கொதித்தார்கள். ராஜபுத்திரர்களோ, இவன் எங்கள் அரசன், அந்தச் சொல் அங்கே இருந்ததே தவறு என்றார்கள். அதே மாதம் மத்தியப் பிரதேசத்தின் குவாலியரிலும் இதே அரசனின் சிலையால் இதே தகராறு எழுந்து நீதிமன்றம் வரை போனது. 2023 ஜூலையில் ஹரியானாவின் கைத்தலிலும் அப்படியே. அங்கே 'குர்ஜர்' என்ற சொல்லை எதிர்த்து ராஜபுத்திரர்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஆளும் பாரதிய ஜனதா கட்சியிலிருந்த ராஜபுத்திரப் பிரமுகர்கள் கட்சியிலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இதே சமூகத்தவர்கள் பக்கத்து மாநிலமான ராஜஸ்தானில் வேறொன்றை நிரூபிக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். தாங்கள் பழங்குடிகள், பின்தங்கியவர்கள், நாகரிகத்திலிருந்து ஒதுங்கி வாழ்ந்தவர்கள் என்பதுதான் அது. அதற்காக அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

குஜ்ஜர்கள் என்ற பெயர் எனக்கு முதலில் அறிமுகமானது 2018இல், கதுவாச் சிறுமியின் கொலையோடு. அப்போது நான் பார்த்த தமிழ்ச் செய்திகள் பெரும்பாலும் 'முஸ்லிம் நாடோடிகள்' என்ற இரண்டு சொற்களோடு அவர்களைக் கடந்துபோயின. அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்காத மக்கள் அவர்கள். இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் பரந்திருக்கிறார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் சீக்கியர்களும் அவர்களில் உண்டு. டில்லியைச் சுற்றி அவர்கள் காணி வைத்திருக்கும் விவசாயிகள். உத்தரகாண்ட் காடுகளில் எருமை மேய்ப்பவர்கள். காஷ்மீர் மலைகளில் ஆடும் குதிரையுமாக ஏறி இறங்குபவர்கள். குஜராத் என்ற மாநிலத்தின் பெயரும், பாகிஸ்தானின் குஜ்ராத், குஜ்ரான்வாலா, குஜர்கான் என்ற ஊர்ப் பெயர்களும் இவர்களுடைய பெயரிலிருந்து வந்தவையே.

எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு இருநூறு ஆண்டுகளாகப் பதில்கள் குவிந்துகொண்டிருக்கின்றன. பிரித்தானிய இந்தியாவின் தொல்லியல் துறையைத் தொடங்கிய அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் அவர்களைக் குஷாணர்களோடு இணைத்தார். வின்சென்ட் ஸ்மித் ஹூணர்களோடு சேர்த்து வந்தவர்கள் என்றார். கஸ்பியன் கடற்கரையின் கசார்கள்தான் குர்ஜரர்கள் என்று சொன்னவர்களும் உண்டு. ஜோர்ஜியா நாட்டைப் பாரசீக மொழியில் குர்ஜிஸ்தான் என்பார்கள், ஆகவே அங்கிருந்து வந்தவர்கள் என்ற வாதமும் சமூகத்துக்குள் பிரபலம். இவற்றில் பல, ஓசை ஒற்றுமையில் தொங்கிக்கொண்டிருப்பவை. ஓசையை வைத்து வரலாறு எழுதும் பழக்கம் எங்களுக்கும் புதிதல்ல என்பதால் நான் இவற்றைச் சற்றுத் தள்ளி நின்றே பார்க்கிறேன். இந்திய சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் எழுதிய கே. எம். முன்ஷி போன்றவர்கள் வெளியிலிருந்து வந்த கதையையே மறுத்து, குர்ஜரம் என்பது முதலில் ஒரு நிலத்தின் பெயர் என்றார்கள். வெள்ளைக்கார அறிஞர்கள் வந்தேறிகளாக ஆக்கியவர்களைத் தேசியவாத அறிஞர்கள் மண்ணின் மைந்தர்களாக ஆக்கினார்கள். இரு தரப்புக்கும் தேவைகள் இருந்தன.

கையில் உறுதியாக இருக்கும் சான்றுகள் ஆறாம், ஏழாம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகின்றன. பாணபட்டரின் ஹர்ஷசரிதம் குர்ஜரர்களை எதிரிகளாகக் குறிப்பிடுகிறது. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இன்றைய ராஜஸ்தானின் பின்மால் ஊரைத் தலைநகராகக் கொண்ட குர்ஜர நாட்டைப் பற்றி எழுதினார். எனக்கு இவற்றில் நெருக்கமாகப் பட்டது 634ஆம் ஆண்டின் ஐஹோளே கல்வெட்டு. சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசியின் வெற்றிகளைச் சொல்லும் அந்தக் கல்லில், அடங்கிப்போனவர்களாக லாடர், மாளவர், குர்ஜரர் வருகிறார்கள். அதே கல்லில் சில வரிகள் தள்ளிக் காஞ்சிப் பல்லவரும் சோழரும் சேரரும் பாண்டியரும் வருகிறார்கள். குர்ஜரர்களின் பெயரும் எங்கள் மூவேந்தர்களின் பெயரும் ஒரே கல்லில், ஒரே வெற்றியாளனின் பட்டியலில் இருக்கின்றன.

மிஹிர போஜன் யார் என்பதற்கும் அவனது காலத்து எழுத்துகளிலேயே பதில் இருக்கிறது, ஆனால் ஒன்றல்ல. குவாலியரில் கிடைத்த அவனது கல்வெட்டு, தன் பிரதிஹார வம்சத்தை இராமனின் தம்பி இலக்குவனோடு இணைக்கிறது. பிரதிஹாரன் என்றால் வாயில் காப்போன். அண்ணனுக்குக் காவல் நின்றவன் என்ற பொருத்தம். அந்த வம்சத்தின் எதிரிகளான ராஷ்டிரகூடர்களோ அவர்களைக் குர்ஜரர் என்றே எழுதினார்கள். அரபு வணிகர்களும் 'ஜுர்ஸ்' அரசன் என்றார்கள். 960ஆம் ஆண்டளவில் அல்வார் பகுதியில் வெட்டப்பட்ட ராஜோர் கல்வெட்டு இன்னும் சுவாரசியமானது. அங்கே சிற்றரசன் ஒருவன் தன்னைக் குர்ஜர-பிரதிஹார வழியினன் என்கிறான். அதே கல்வெட்டு, குர்ஜரர்கள் உழுத வயல்களையும் குறிப்பிடுகிறது. ஆண்டவனும் உழுதவனும் ஒரே பெயரில். தாத்ரியில் பலகையில் மை பூசிய கை எதை மறைக்க நினைத்ததோ, அது இந்தக் கல்லில் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. என்றாலும் பத்தாம் நூற்றாண்டின் குர்ஜரன் இன்றைய குஜ்ஜரின் நேரடிப் பாட்டன் என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. 'ராஜபுத்திரர்' என்ற அடையாளமும் அன்று இன்றைய வடிவில் இருக்கவில்லை. போஜனிடம் போய் நீ யார் என்று கேட்டால் இரண்டு தரப்பையும் ஏமாற்றியிருப்பான்.

தொலைந்த அரசர்களை விட, தொலையாமல் இருக்கும் குலப் பெயர்கள்தான் இந்த மக்களின் வரலாற்றை நேர்மையாகச் சொல்கின்றன என்பது என் கருத்து. கசானா, சேச்சி, கட்டானா, போஸ்வால், சௌஹான், பாட்டி, பைன்ஸ்லா, பதானா என்று நூற்றுக்கணக்கான 'கோத்' பெயர்கள் அவர்களிடம் உண்டு. டில்லிக்கு அருகே ஒரு இந்து விவசாயி கட்டானா. பூஞ்ச் மலையில் தொழுகை முடித்து எழும் மேய்ப்பரும் கட்டானா. எல்லைக்கு அப்பால் பாகிஸ்தான் பஞ்சாபில் இருப்பவரும் கட்டானா. மதம் மாறியது, நாடு பிரிந்தது, குலப் பெயர் மட்டும் மாறவில்லை. சொந்தக் குலத்துக்குள்ளும் தாயின் குலத்துக்குள்ளும் மணம் முடிக்கக் கூடாது என்ற விதியை இந்து குஜ்ஜர்கள் வைத்திருப்பதால், பெயரை மறந்துவிட்டால் கல்யாணப் பேச்சே நடக்காது. ஆகவே அது மறக்கப்படுவதில்லை. சௌஹான், பாட்டி, பர்மார் போன்ற பெயர்கள் ராஜபுத்திரர்களிடமும் ஜாட்களிடமும் இருக்கின்றன. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று சண்டை போடுவதை விட, இந்தச் சாதிகள் ஒருகாலத்தில் இவ்வளவு இறுக்கமாகப் பிரிந்திருக்கவில்லை என்று படிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

காட்டில் எருமையோடு வாழும் வன குஜ்ஜர்களிடம் அரச கதை இல்லை. சிர்மூர் இராச்சியத்து அரசனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த காஷ்மீர்ப் பக்கத்து இளவரசியின் சீதனத்தோடு தங்கள் முன்னோர் வந்தார்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. அரசியின் பால் தேவைக்காக வந்தவர்கள். தங்களைப் பற்றி இவ்வளவு அடக்கமாகச் சொல்லிக்கொள்ளும் மூலக்கதையை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

அரசாங்கங்கள் இவர்களைப் பட்டியலிடத் தொடங்கியது 1857க்குப் பிறகு. சிப்பாய்க் கிளர்ச்சியின்போது மீரட், புலந்த்ஷகர், தாத்ரி பகுதிக் குஜ்ஜர்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். தண்டனையாகக் கிராமங்கள் எரிக்கப்பட்டன, தலைவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். 1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் வந்தபோது குஜ்ஜர்களில் பல பகுதியினரும் அந்த முத்திரைக்குள் தள்ளப்பட்டார்கள். பிறப்பினாலேயே குற்றவாளி. கிளர்ச்சி செய்தவனின் பேரனை அரசு 'திருடன்' என்று எழுதிவைத்தது. சுதந்திர இந்தியா 1952இல் அந்தச் சட்டத்தை நீக்கியது. ஆனால் பட்டியல் போடும் வழக்கம் போகவில்லை. இப்போது ஜம்மு-காஷ்மீரிலும் இமாசலப் பிரதேசத்திலும் குஜ்ஜர்கள் அட்டவணைப் பழங்குடிகள். ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அப்படி இல்லை.

ராஜஸ்தான் போராட்டம் இந்த முரணிலிருந்து பிறந்தது. அங்கே மீணா சமூகத்தவர்கள் பழங்குடிப் பட்டியலில் இருந்து, அரச பதவிகளில் முன்னேறியிருந்தார்கள். அதே கிராமத்தில் அதே ஏழ்மையோடு தொடங்கிய நாங்கள் ஏன் வெளியே என்று குஜ்ஜர்கள் கேட்டார்கள். தலைமை தாங்கியவர் இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற கேணல் கிரோரி சிங் பைன்ஸ்லா. 2007 மே மாதத்திலும் 2008 மே மாதத்திலும் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டிலும் மோதல்களிலும் ஆட்கள் விழுந்தார்கள். 2008இல் பயானாவுக்கு அருகே, சுடப்பட்டவர்களின் உடல்களைத் தகனம் செய்ய மறுத்து, உடல்களோடு ரயில் பாதையில் அமர்ந்தார்கள். கோடை வெயிலில், நாட்கணக்காக.

அரசு நீதியரசர் ஜஸ்ராஜ் சோப்ராவின் தலைமையில் குழு அமைத்தது. குழு அளவுகோலாக எடுத்தது 1965இன் லோகூர் குழு வகுத்த ஐந்து இலக்கணங்களை: ஆதிகால இயல்புகள், தனித்துவமான பண்பாடு, புவியியல் ஒதுக்கம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. குஜ்ஜர்கள் இவற்றுக்குப் பொருந்தவில்லை என்று குழு சொன்னது. ரயிலை மறித்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர்களுக்குக் கூச்ச சுபாவம் இருக்கிறதா என்று ஆராய்ந்த வேடிக்கையை என்னவென்பது! பிறகு தனியான 5 வீத ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டு, நீதிமன்றங்களில் விழுந்து, மீண்டும் ரயில் பாதை மறிக்கப்பட்டு, 2019 பெப்ரவரியில் சட்டமாக வந்தது. அதுவும் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பெயரில்தான். பழங்குடி என்ற பட்டியல் கிடைக்கவில்லை. பைன்ஸ்லா 2022இல் காலமானார்.

தாத்ரிக் குஜ்ஜருக்கு அரச வம்சப் பெருமை தேவை. அங்கே காணி இருக்கிறது, டில்லியின் விரிவாக்கத்தில் விலைபோன காணி, இல்லாதது மரியாதை. ராஜஸ்தான் குஜ்ஜருக்கு வேலை தேவை. இரண்டையும் ஒன்றாக வைத்து 'இரட்டை வேடம்' என்று எழுதும் இந்தியப் பத்திரிகைகளோடு எனக்கு உடன்பாடில்லை. கேள்வித்தாளைத் தயாரித்தது அவர்களல்ல.

காஷ்மீரில் இதே கேள்வி உயிர் விலையோடு வருகிறது. அங்கே குஜ்ஜர்களுக்கும், ஆடு மேய்ப்பதால் பெயர்பெற்ற அவர்களது கிளையினரான பக்கர்வால்களுக்கும் 1991இல் பழங்குடி அந்தஸ்து கிடைத்தது. பக்கர்வால்கள் குளிர்காலத்தில் ஜம்முவின் தாழ்நிலங்களிலும், கோடையில் பீர் பஞ்சாலைக் கடந்து 'டோக்' எனப்படும் உயர்மலை மேய்ச்சல் தரைகளிலும் வாழ்பவர்கள். தலைமுறைகளாகப் பயன்படுத்தும் தரைக்குப் பெரும்பாலும் உறுதி கிடையாது. 2018 ஜனவரியில் கதுவா மாவட்டத்தில் எட்டு வயதுப் பக்கர்வால் சிறுமி கடத்தப்பட்டு, வல்லுறவுக்குள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். அந்தப் பகுதியிலிருந்து பக்கர்வால்களைப் பயமுறுத்தி விரட்டுவதே நோக்கம் என்று பொலிஸாரின் குற்றப்பத்திரிகை சொன்னது. அந்தக் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்யவிடாமல் தடுக்க முயன்றவர்கள் சட்டத்தரணிகள். சந்தேகநபர்களுக்கு ஆதரவான பேரணிக்குப் போன இரண்டு அமைச்சர்கள் பின்னர் பதவி விலக நேர்ந்தது. குடும்பம் வாங்கியிருந்த காணியில் பிள்ளையை அடக்கம் செய்யவும் ஊரவர் விடவில்லை. வேறொரு கிராமத்தில் அடக்கம் செய்தார்கள். 2019 ஜூனில் ஆறு பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்.

2019 ஓகஸ்டில் 370ஆவது உறுப்புரை செயலிழக்கச் செய்யப்பட்டபோது, இனி வன உரிமைச் சட்டம் வரும், மேய்ச்சல் தரை உங்களுடையது என்று பக்கர்வால்களுக்குச் சொல்லப்பட்டது. 2020 நவம்பரில் பஹல்காம் பகுதியில் அவர்களது மண் குடிசைகளை அதிகாரிகள் இடித்தார்கள். பட்காம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான அப்பிள் மரங்கள் வெட்டப்பட்டன. வன நிலத்தில் அத்துமீறல் என்பது காரணம்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2020 ஜூலையில், ரஜௌரியிலிருந்து வேலை தேடிப் போன மூன்று குஜ்ஜர் இளைஞர்களை ஷோபியான் மாவட்டத்தின் அம்ஷிபோராவில் இராணுவம் சுட்டுக்கொன்று, 'அடையாளம் தெரியாத பயங்கரவாதிகள்' என்று அறிவித்தது. ஊரிலிருந்து வெகுதூரத்தில் புதைத்தது. சமூக ஊடகத்தில் வந்த படங்களைப் பார்த்துத்தான் குடும்பங்கள் அடையாளம் கண்டன. மரபணுப் பரிசோதனைக்குப் பிறகு உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டு ஒப்படைக்கப்பட்டன. இராணுவ நீதிமன்றம் ஒரு கப்டனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 நவம்பரில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அந்தத் தண்டனையை இடைநிறுத்திப் பிணை வழங்கியது. அடுத்த மாதமே பூஞ்ச் பகுதியில் நான்கு படையினர் கொல்லப்பட்ட பதுங்கித் தாக்குதலுக்குப் பின், டோபா பீர் கிராமத்திலிருந்து கூட்டிச் செல்லப்பட்டவர்களில் மூன்று பேர் காவலில் இறந்தார்கள். அடித்துக் காயங்களில் மிளகாய்த்தூள் தூவும் காணொளி வெளிவந்தது. 1965இல் பாகிஸ்தான் ஊடுருவலை முதலில் இந்திய இராணுவத்துக்கு அறிவித்தவர் ஒரு குஜ்ஜர் மேய்ப்பர். அந்த விசுவாசத்தை மேடைகளில் புகழ்கிறார்கள். சுற்றிவளைப்பில் அது யாரையும் காப்பாற்றவில்லை.

2022 தொகுதி மீள்நிர்ணயத்தில் ஜம்மு-காஷ்மீர் சட்டசபையில் முதல் தடவையாகப் பழங்குடியினருக்கு 9 ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. 2024 பெப்ரவரியில் பஹாரி மொழி பேசுவோரும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்குள் சையதுகளும் ராஜபுத்திரர்களும் பிராமணர்களும் உண்டு. வேலை ஒதுக்கீடு தனித்தனியே வைக்கப்பட்டாலும் அந்த 9 ஆசனங்களும் எல்லோருக்கும் பொதுவாகின. அவ்வருடத் தேர்தலில் பாரதிய ஜனதா அவற்றில் ஒன்றையேனும் வெல்லவில்லை.

அடுத்த பட்டியல் வந்துகொண்டிருக்கிறது. வரவிருக்கும் குடிசன மதிப்பீட்டில் சாதியும் பதிவாகும் என்று 2025 ஏப்ரலில் இந்திய அரசு அறிவித்தது. நாட்டின் ஏனைய பகுதிகளுக்குக் கணக்கெடுப்பு நாள் 2027 மார்ச் 1. பனி மூடும் ஜம்மு-காஷ்மீர், இமாசலம், உத்தரகாண்ட் மலைப்பகுதிகளுக்கு 2026 ஒக்டோபர் 1 என்று குறித்திருக்கிறார்கள். அந்த நாட்களில் பக்கர்வால்கள் ஆடுகளோடும் குதிரைகளோடும் மலையிலிருந்து இறங்கத் தொடங்கியிருப்பார்கள்.