பொம்மையைக் கொன்றவன்!

எனக்கு ஹெர்னியா. "லேப்ராஸ்கோப்பில சின்ன ஆபரேஷன் சார்" என்றார் டாக்டர். அவர் சொன்ன தொகைதான் சின்னதாக இல்லை.

கத்திக்கு நான் பயப்படவில்லை. கத்தி வைக்கப் போகிறவருக்குத் தலை நரைத்திருந்தது. முழு மயக்கம் கொடுக்கப் போகிறவரைப் பார்த்ததும்தான் வயிற்றைக் கலக்கியது. காலேஜ் பையோடு பீச் லோக்கலில் ஏறுகிற பெண் மாதிரி இருந்தார். வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தை நிமிர்த்தச் சொன்னார், "கட்டுப் பல் இருக்கா?" என்றார்.

"எத்தனை பேருக்கு மயக்க மருந்து கொடுத்திருக்கீங்கம்மா?"

"கவலைப்படாதீங்க அங்கிள்!"

ஹெர்னியாவை விட அந்த 'அங்கிள்' அதிகமாக வலித்தது.

அக்கா பையன் மயக்கவியலில் எம்.டி. இரண்டாம் வருஷம். ஜி.எஸ்.டி. ரோட்டில், தாம்பரம் தாண்டி ஒரு கல்லூரி. அவனிடம் புலம்பினேன். "ஞாயித்துக்கிழமை வாங்க மாமா, நாங்க எப்படிக் கத்துக்கறோம்னு காட்டறேன்" என்றான்.

அழைத்துப் போனது ஆஸ்பத்திரிக்கு அல்ல. ஸ்கில் லேப் என்கிற ஓர் அறைக்கு. உள்ளே ஆபரேஷன் தியேட்டர் மாதிரியே செட். மேஜையில் ஒருத்தர் படுத்திருந்தார். மார்பு ஏறி இறங்கியது. மணிக்கட்டில் நாடி. டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கியது. வணக்கம் சொல்ல இருந்தேன், பையன் தடுத்தான். "மாமா, அது பொம்மை!"

கண்ணாடிக்குப் பின்னால் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த புரொபசர் அம்மாதான் பொம்மைக்குத் தலையெழுத்து எழுதுகிறவர். அன்றைய கேஸை வாசித்தார்: "நாற்பது வயசு. ஆண். ஹெர்னியா." அந்த ஏ.சி.யிலும் எனக்கு வேர்த்தது.

பையன் மருந்து செலுத்தினான். பொம்மையின் மூச்சு நின்றது. அது நிற்க வேண்டியதுதான். இனி தொண்டையில் டியூப் போட்டு இவன்தான் மூச்சு கொடுக்க வேண்டும். டியூப் போகவில்லை. முகமூடி வைத்து அழுத்தினான், காற்றும் போகவில்லை. மானிட்டரின் 'பீப்' சுருதி இறங்க ஆரம்பித்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய சுருதியும் குறையுமாம். 95... 88... 74... பையன் திரும்பத் திரும்ப டியூபோடு மல்லுக்கட்டினான். மூளை ஆக்சிஜன் இல்லாமல் சில நிமிஷம்தான் தாங்கும்.

பொம்மை செத்துப் போனது. என்னோட வயசு. என்னோட ஹெர்னியா!

புரொபசர் திட்டவில்லை. எல்லாரையும் உட்கார வைத்து, எடுத்த வீடியோவைப் போட்டார். "நர்ஸ் ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். "இல்ல மேடம்" என்றான் பையன். வீடியோவில் நர்ஸாக நடித்த பெண் சொல்கிறாள்: "சார், ஹெல்ப் கூப்பிடலாமா?" ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. எனக்கே கேட்டிருந்தது. இவன் காதில் மட்டும் விழவில்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

புரொபசர் ஒரு நிஜக் கதை சொன்னார். 2005-ல் இங்கிலாந்தில் எலைன் ப்ரோமிலி என்ற 37 வயதுப் பெண், இரண்டு குழந்தைகளின் தாய், சைனஸ் ஆபரேஷனுக்குப் போனார். இதே சிக்கல். தொண்டையைத் திறந்து மூச்சு கொடுக்கும் கருவிகளை ஒரு நர்ஸ் கொண்டு வந்து சொல்லியும் விட்டார். அனுபவசாலி டாக்டர்கள் டியூபிலேயே கவனமாக இருந்தார்கள். அந்த அம்மா பிழைக்கவில்லை. கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு விமான பைலட். கோபத்தோடு நின்றுவிடாமல், "எங்கள் தொழிலில் இதற்குப் பயிற்சி இருக்கிறதே, உங்களுக்கு ஏன் இல்லை?" என்ற கேள்வியோடு 2007-ல் ஓர் அமைப்பே தொடங்கினார்.

பைலட் என்றதும் நிமிர்ந்தேன். சேலையூர்க்காரனாச்சே! எங்கள் மொட்டை மாடிக்கு மேலே வட்டமடிப்பது விமானப்படைப் பள்ளியின் விமானங்கள். பைலட்டுகளுக்கு வாத்தியாராகப் போகிறவர்களுக்கே பாடம் நடத்தும் பள்ளி அது. 1954-லிருந்து தாம்பரத்தில் இருக்கிறது.

பறக்காமலே பறக்கப் பழகும் பெட்டியை 1929-ல் செய்தவர் எட்வின் லிங்க். ஆர்கன் வாத்தியம் செய்கிற குடும்பம். வாத்தியத்தின் துருத்தியை வைத்தே பெட்டியை ஆட வைத்தார். 1960-ல் நார்வேயின் பொம்மை வியாபாரி லேர்டல், மூச்சு கொடுத்துப் பழக 'ரெசசி ஆன்' பொம்மையைக் கொண்டு வந்தார். 1967-ல் தென் கலிஃபோர்னியாவில் மயக்க டாக்டர்களுக்கென்றே 'சிம் ஒன்' என்ற கம்ப்யூட்டர் பொம்மை வந்தது. கண் சிமிட்டும், மருந்துக்கு ஏற்ப நாடி மாறும். 1980-களில் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் கேபா, விமானிகளின் பயிற்சி முறையையே ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு வந்தார். இன்று நம் மருத்துவக் கல்லூரிகளில் ஸ்கில் லேப் கட்டாயம்.

அன்றைக்கே இரண்டாவது ரவுண்டு. இந்தத் தடவை இரண்டு முயற்சி தோற்றதுமே பையன் கத்தினான்: "டியூப் போகல! காத்தும் போகல! ஹெல்ப் கூப்பிடுங்க! கழுத்துல திறக்கணும், கத்தி குடுங்க!" சுருதி ஏறியது. பொம்மை பிழைத்தது. கை தட்டினது நான் மட்டும்தான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே டீக்கடையில் பையன் சொன்னான்: "இதுவரைக்கும் அந்தப் பொம்மையை நாலு தடவை கொன்னுட்டேன் மாமா. ஸ்விட்சைப் போட்டா எழுந்துக்குது. உங்களுக்கு ஸ்விட்ச் கிடையாதே!"

"அப்ப பொம்மையிலயே எல்லாம் கத்துக்கலாமா?"

"முடியாது மாமா. சீனியர் பக்கத்துல நிக்க, நிஜ ஆளுங்ககிட்டதான் தொழில் படியும். ஆனா இந்த மாதிரி கண்டம் எப்பவாவதுதான் வரும். வர்ற அன்னிக்கு அது முதல் தடவையா இருக்கக் கூடாது." டீயை உறிஞ்சிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உங்க கழுத்து வேற குட்டை..."

ஆபரேஷன் நாள். மேஜையில் படுத்திருக்கிறேன். அதே பெண் டாக்டர், முகக்கவசத்தோடு, சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்: "கழுத்து கொஞ்சம் குட்டை. டியூப் ரெண்டு தடவை போகலைன்னா, நான் கேக்கலைன்னாலும் யாராவது சத்தமா சொல்லுங்க."

அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட பேஷன்ட் நானாகத்தான் இருப்பேன்.

"என்ன அங்கிள் சிரிக்கறீங்க?"

"எத்தனை பொம்மையைக் கொன்னிருக்கீங்கம்மா?"

ஒரு விநாடி திகைத்தார். பிறகு கண் மட்டும் சிரித்தது. "நெறைய அங்கிள்!"

நிம்மதியாகக் கண்ணை மூடினேன். இந்தத் தடவை 'அங்கிள்' வலிக்கவே இல்லை. மருந்து ஏறிவிட்டது போலிருக்கிறது!