யாருடைய அப்புக்காத்து?

கண்டிப் பக்கத்துக் கெலிஓயா டவுனில் கடை போடப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் முதலில் விசாரிப்பது "எவ்வளவு அட்வான்ஸ்?" என்றுதான். "உறுதி யார் எழுதினது?" என்று கேட்பவரை நான் இன்னும் காணவில்லை.

என் மச்சான் போன் திருத்தும் கடைக்கு அறை எடுத்தபோதும் அப்படித்தான். இரண்டு வருடம், மாத வாடகை, முற்பணம் என்று கட்டடச் சொந்தக்காரர் தாளில் எழுதினார். முத்திரை ஒட்டி இருவரும் அதன்மேல் கையொப்பமிட்டார்கள். கிளாஸின் தேத்தண்ணீர் வட்டமும் அதில் பதிந்திருந்தது. எட்டாம் மாதம் சொந்தக்காரரின் மகன் அறையைக் கேட்டான். அதற்குப் பிறகுதான் சட்டத்தரணியிடம் ஓடினோம். அவர் 'இரண்டு வருடம்' என்ற இடத்தில் விரலை வைத்தார். "ஒரு மாசத்துக்கு மேல போனா நொத்தாரிசு வேணும், மகன். இது துண்டு, குத்தகை இல்ல."

அவர் சொன்ன சட்டம் இன்று நேற்று வந்ததல்ல. 1840இன் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்: காணி, கட்டடம் பற்றிய ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு எழுதப்படாவிட்டால் செல்லாது, ஒரு மாதத்துக்கு மேற்படாத குத்தகைக்கு விலக்கு உண்டு. மோசடியைத் தடுக்க வந்த சட்டம் என்று அதற்குப் பெயர். அதே வருடத்தின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்ட முடியாத தரிசையும் காட்டையும் முடிக்குரியதாகக் கொண்டது. காப்பித் தோட்டங்களுக்கு நிலம் அப்படித்தான் கிடைத்தது. வாய்ச்சொல்லிலும் வழக்கத்திலும் சேனை செய்துவந்த கண்டிக் கிராமத்தவனுக்குக் காட்டத் தாள் ஏது? 1848இல் நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி வந்தபோது மலைநாடு கொதித்ததில் அந்தக் கசப்புக்கும் பங்குண்டு.

ஆகவே கறுப்புக் கோட்டைக் கண்டால் ஒதுங்குகிற நம் பழக்கத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட மாட்டேன். 1974 ஜனவரியில் அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற இரு வகை வழக்கறிஞரும் ஒன்றாகிச் 'சட்டத்தரணி' ஆனார்கள். பெயர் மாறியது, பயம் மாறவில்லை. ஆனால் தாளுக்குப் பயந்தவனைவிடத் தாள் இல்லாதவனே அதிகம் இழந்தான் என்பதும் இதே மலையில் நடந்ததுதான்.

சட்டத்தரணியை நம்பலாமா என்பதைவிட, அவர் யாருடைய ஆள் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. குத்தகையை எழுதுபவர் பெரும்பாலும் சொந்தக்காரரின் நொத்தாரிசு. கூலி கொடுப்பது வாடகைக்காரர். ஆளை அடையாளம் கண்டு, வாசித்துக் காட்டி, சாட்சி வைத்து உறுதியை முடிப்பது நொத்தாரிசின் வேலை. முற்பணம் எப்போது திரும்பும் என்ற வரி உங்களுக்குப் பாதகமா என்று பார்க்க, நீங்கள் காசு கொடுக்கும் இன்னொருவர் வேண்டும்.

அப்படி நீங்கள் வைத்துக்கொள்ளும் சட்டத்தரணி சொல்வதெல்லாமும் வேதமல்ல. 2007இன் கம்பனிச் சட்டப்படி ஒருவரே கம்பனி தொடங்கலாம். அதற்காகத் தேத்தண்ணீர்க் கடைக்கு 'லிமிட்டட்' வேண்டுமென்றால், கம்பனிச் செயலாளர், வருடாந்த அறிக்கை என்று வருகிற செலவையும் கேளுங்கள். பெரிய கடன் எடுக்காதவருக்குப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் போதும். கடையை எங்கே போடுவது, எந்த மூலையில் ஆள் இறங்கும் என்பதோ சட்டத்தரணிக்கல்ல, ஸ்டாண்டில் நிற்கும் திரீவீல்காரருக்குத்தான் தெரியும்.

பங்காளியோடு சேர்ந்து செய்யும் வியாபாரம் வேறு கதை. அதே 1840இன் 7ஆம் இலக்கச் சட்டம், போடும் முதல் 100 பவுனைத் தாண்டினால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றது. பின்னர் அது 1000 ரூபாய் ஆனது. அந்தக் காலத்தில் பெரிய முதல். இன்று இரண்டு சோற்றுப் பார்சலுக்குக் காணுமோ தெரியாது. எழுத்தில்லாவிட்டாலும் கடன் கொடுத்தவர் உங்களைப் பங்காளி என்று நிரூபிக்கலாம். ஆனால் கணக்குக் கேட்டு உங்கள் பங்காளிமேல் நீங்கள் வழக்குப் போனால் தாள் எங்கே என்பார்கள்.

மச்சான் இப்போது தன் நானாவோடு சேர்ந்து புதுக்கடை பார்க்கிறான். எழுதிக்கொள்வோம் என்று மெல்லச் சொன்னானாம். நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார்: "எங்களுக்குள்ள என்னத்துக்குடா எழுத்து?"