மெடிக்கல் கோடிங் படிக்கக் காசு கட்டுவதற்கு முன்



உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வட்ஸ்அப் குழுமங்களுக்கு விளம்பரங்களும் வந்துவிடும். இப்போது அதில் முன்னுக்கு நிற்பது மெடிக்கல் கோடிங். மூன்றே மாதம், எந்தப் பிரிவில் படித்திருந்தாலும் பரவாயில்லை, ஆங்கிலம் பெரிதாகத் தேவையில்லை, வீட்டிலிருந்தே டொலரில் சம்பளம். பெண் பிள்ளைகளை வெளியூருக்கு வேலைக்கு அனுப்பத் தயங்கும் எங்கள் ஊர்களில் அந்தக் கடைசி வரி என்ன செய்யும் என்று விளம்பரம் போடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். நகையை ஈடு வைத்துக் காசு கட்டிய உம்மாமாரை ஆசிரியர்களாகிய நாங்கள் காண்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

தொழிலில் குறை இல்லை. நேர்மையான, மூளைக்கு வேலை தருகின்ற தொழில். சென்னையில் பெரிய பெரிய கம்பனிகள் இதைச் செய்கின்றன, ஆயிரக்கணக்கானோர் இதில் உழைக்கிறார்கள். ஆனால் அது என்ன வேலை என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

அமெரிக்காவில் ஒரு நோயாளியைப் பார்த்த டொக்டர் எழுதிய குறிப்பை வாசித்து, நோய்க்கும் செய்த சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைப் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் கம்பனி காசு கொடுக்கும். நோய்களுக்கான ஐசிடி-10-சிஎம் தொகுப்பில் மட்டும் 70,000க்கு மேற்பட்ட குறியீடுகள் உண்டு. வாத்து அடித்துக் காயம் பட்டால்கூட அதற்கென்று ஒரு குறியீடு இருக்கிறது! யாரும் இவற்றை மனப்பாடம் செய்வதில்லை. கஷ்டம் வாசிப்பதில்தான்.

ஒரு உதாரணம். டொக்டர் 'நியூமோனியாவாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறார். வெளிநோயாளர் என்றால் நியூமோனியாவுக்குக் குறியீடு போடக் கூடாது. இருமல், காய்ச்சல் என்ற அறிகுறிகளுக்குத்தான் போட வேண்டும். அதே நோயாளி வார்ட்டில் தங்கி, வீட்டுக்குப் போகும்போதும் டொக்டர் அப்படியே எழுதியிருந்தால், நியூமோனியா என்றே போடலாம். கை முறிவு என்றால் இடதா வலதா, எந்த எலும்பு, சிகிச்சை நடக்கிறதா, ஆறிவரும் கட்டமா என்பது வரை குறியீட்டில் வர வேண்டும். 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லை ஆங்கிலத்தில் கவனிக்காமல் விட்டால் முழுக் கணக்கும் பிழைத்துவிடும். இந்த வேலைக்கு ஆங்கிலம் தேவையில்லையாம்!

அடுத்தது சான்றிதழ். நிறுவனம் தன்னுடைய லெட்டர்ஹெட்டில் அடித்துத் தருவதும், அமெரிக்காவின் ஏஏபிசி அமைப்பு நடத்தும் சிபிசி பரீட்சையும் ஒன்றல்ல. சிபிசி 100 கேள்விகள், 4 மணித்தியாலம், சித்தியடைய 70 வீதம் வேண்டும். குறியீட்டுப் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதலாம், ஆனாலும் நேரம் போதாது. பரீட்சைக் கட்டணமும் புத்தகங்களும் டொலரில்தான். அனுபவம் இல்லாமல் சித்தியடைந்தால் பெயருக்குப் பின்னால் 'பயிலுநர்' என்ற அடையாளமும் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டிலிருந்து வேலை என்பது பொய்யல்ல, ஆனால் பொதுவாக அனுபவம் வந்த பிறகு கிடைப்பது. நோயாளிகளின் தகவலைக் காக்க அமெரிக்காவில் ஹிப்பா என்ற கடும் சட்டம் இருக்கிறது. புதியவரை அலுவலகத்தில் கண்காணிப்பில் வைத்துப் பழக்கவே கம்பனிகள் விரும்புகின்றன. எங்கள் அரச ஆஸ்பத்திரிகளிலும் ஐசிடி உண்டு, ஆனால் புள்ளிவிபரத்துக்குத்தான். இலவச வைத்தியத்தில் இன்சூரன்ஸ் பில்லுக்கு இடமில்லை. ஆக, ஊருக்குள் இந்த வேலைக்குப் பெரிய சந்தை கிடையாது. போதாததற்கு, இலகுவான குறிப்புகளுக்குத் தானாகவே குறியீடு போடும் மென்பொருள்களும் வந்துவிட்டன.

ஆகவே காசு கட்ட முன் வாப்பாவோ நானாவோ நேரில் போய்க் கேளுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா? படிப்பிக்கிறவர் எத்தனை வருடம் கோடராக வேலை செய்தவர்? போன முறை படித்தவர்களில் யார் எங்கே வேலை செய்கிறார்கள், அவர்களில் இருவருடன் கதைக்கலாமா? பரீட்சைக் கட்டணம் இந்தக் காசுக்குள் அடங்குமா? 'வேலைக்கு உத்தரவாதம்' என்பதை எழுத்தில் தருவார்களா? எங்கள் பழைய மாணவி ஒருவருக்கு உத்தரவாதம் என்று சொன்ன இடம், முடிவில் கொடுத்தது ஒரு வெப்சைட் முகவரி மட்டும்தான்.

உயிரியல் படித்து இஸட் ஸ்கோர் கொஞ்சத்தில் தவறிய பிள்ளைகள்தான் இதற்கு மிகப் பொருத்தமானவர்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது கோடிங் வகுப்பு இல்லை. ஆறு மாதம் உடலமைப்பியலையும் மருத்துவச் சொற்களையும் ஆங்கிலத்தில் வாசிக்கப் பழகுவது. அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் காசு கட்டலாம், பிடிக்காவிட்டால் நகை தப்பியது. தாதியர் பயிற்சிக்கோ மருந்தாளர் படிப்புக்கோ போனாலும் படித்தது வீணாகாது.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. பின்னேரங்களில் பாடசாலை வகுப்பறைகள் சும்மாதான் கிடக்கின்றன. உயிரியல் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஊரிலேயே இருக்கிறார்கள். பழைய மாணவர் சங்கம் பரிசளிப்பு விழாவுக்குச் சேர்க்கும் காசில் ஒரு பங்கை ஒதுக்கினால், இன்ஷா அல்லாஹ், வகுப்பைத் தொடங்க நாங்கள் தயார். பயிற்சிக்குப் போன வருடப் பதிப்புக் குறியீட்டுப் புத்தகம் இரண்டு இருந்தாலே போதும். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் யாராவது ஊருக்கு வரும்போது கொண்டுவந்து தந்தால் உதவியாக இருக்கும்.