வரைகலை மாணவரின் சுமை

தேர்வு முடிவுகள் வெளியாகும் பருவம் வந்துவிட்டால், பெங்களூருவில் கணினிப் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளில், ஓவியத்தில் நாட்டமுள்ள பலர் வரைகலைத் தொழிலை நாடுகின்றனர். அச்சகம், விளம்பரத் துறை, பத்திரிகை, இணைய வாணிபம் என இத்தொழிலுக்கு வேலைவாய்ப்பு உள்ள நகரம் இது. ஆகவே அவர்களின் விருப்பம் பாராட்டத்தக்கதே. ஆயினும் ஆர்வத்தோடு வரும் ஏழை மாணவனை வாசலிலேயே தடுத்து நிறுத்துவது மென்பொருளின் விலை.

ஒரு காலத்தில் ஓவியன் தூரிகையையும் வண்ணத்தையும் ஒரு முறை வாங்கிவிட்டால் அவை அவனுக்கே சொந்தம். கணினி வந்த பிறகும் பல ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. 1985-ல் பேஜ்மேக்கர், 1987-ல் இல்லஸ்டிரேட்டர், 1989-ல் கோரல்டிரா, 1990-ல் ஃபோட்டோஷாப் என்று வரிசையாக வந்த மென்பொருள்கள் பெட்டியில் வைத்து விற்கப்பட்டன. விலை அதிகம்தான், ஆனால் வாங்கியவர் பல ஆண்டுகள் பயன்படுத்த முடிந்தது. 2013 மே மாதத்தில் அடோபி நிறுவனம், தனது புதிய வரைகலைத் தொகுப்பை இனி சந்தா முறையில் மட்டுமே வழங்கப்போவதாக அறிவித்தது. அன்று முதல் இக்கருவி வாடகை வீடு போல் ஆகிவிட்டது. வாடகை நின்றால் கதவு பூட்டப்படும். தான் வரைந்த படத்தையே அதே மென்பொருளில் திறந்து திருத்த முடியாத நிலை மாணவனுக்கு ஏற்படும்.

மாணவர்களுக்குச் சலுகை விலை உண்டு என்பது உண்மையே. ஆனால் சலுகை முதல் ஆண்டோடு குறைந்துவிடலாம்; படிப்பு முடிந்ததும் முழு விலை வந்து நிற்கும். ஓராண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு மாதந்தோறும் பணம் கட்டும் திட்டத்தில் சேர்ந்தவர், இடையில் விலகினால் அதற்கும் கட்டணம் செலுத்த நேரிடும். இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர்களுக்குத் தெளிவாகக் காட்டவில்லை என்று குற்றம்சாட்டி, அமெரிக்க அரசே 2024 ஜூன் மாதத்தில் அடோபி மீது வழக்குத் தொடர்ந்தது. அங்குள்ளவர்களே தடுமாறும் இடத்தில், நம் மாணவர்கள் நிபந்தனைகளை வரி விடாமல் படிக்காமல் ஒப்புதல் தருவது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும்.

கர்நாடக அரசின் யுவநிதித் திட்டத்தில் வேலையற்ற பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாயும், டிப்ளமோ படித்தவருக்கு 1,500 ரூபாயும் 2024 ஜனவரி முதல் வழங்கப்படுகின்றன. டிப்ளமோ பெற்ற இளைஞர் அத்தொகை முழுவதையும் கொடுத்தாலும், அடோபியின் முழுத் தொகுப்புக்கு ஒரு மாதச் சந்தா கட்டப் போதாது. சுமையின் அளவை இதிலிருந்தே உணரலாம்.

இச்சுமையைத் தாங்க முடியாமல்தான் பலர் திருட்டுப் பிரதிகளை நாடுகின்றனர். சில பயிற்சி நிலையங்களே மாணவர் கையில் அவற்றைக் கொடுத்தனுப்புவது வேதனைக்குரியது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. வணிக ஆதாயத்துக்காக அல்லாத பயன்பாட்டில் நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்க்கலாம். எனினும் குற்றம் குற்றமே. தவிர, இத்தகைய பிரதிகளோடு நச்சு நிரல்களும் வந்து சேர்ந்து, கடன் வாங்கி வாங்கிய கணினியையே பாழாக்கிவிடுவதுண்டு.

அப்படியானால் ஏழை மாணவனுக்கு வழியே இல்லையா? உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இரு மாணவர்கள் 1995-ல் தொடங்கிய 'கிம்ப்' என்னும் மென்பொருள், புகைப்படங்களைத் திருத்த உதவுகிறது. 2003-ல் பிறந்த 'இங்க்ஸ்கேப்' சின்னங்களும் சுவரொட்டிகளும் வரைய ஏற்றது. ஓவியம் தீட்ட 'கிரிட்டா', பக்கம் அமைக்க 'ஸ்கிரைபஸ்' ஆகியவை உள்ளன. இவை நான்கும் இலவசம். பிறருக்குப் படியெடுத்துக் கொடுப்பதையும் சட்டம் தடுக்கவில்லை. விலைக்கு விற்கப்பட்டு வந்த 'அஃபினிட்டி' மென்பொருளும், கேன்வா நிறுவனத்தின் கைக்குப் போன பின், 2025 அக்டோபரிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் இது தனியார் நிறுவனத்தின் பொருள். இன்று கிடைக்கும் சலுகை என்றும் நீடிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இலவச மென்பொருளிலும் குறைகள் உண்டு. அச்சகத்துக்குத் தேவையான நான்கு வண்ணப் பிரிப்பில் இங்க்ஸ்கேப் வலுவானதல்ல. அவ்வேலையை ஸ்கிரைபசில் முடிக்க வேண்டியிருக்கும். நம் ஊர் அச்சகங்கள் பலவற்றில் கோரல்டிரா கோப்பையே கேட்பார்கள். வேலைக்கு ஆள் எடுப்போரும் ஃபோட்டோஷாப் தெரியுமா என்றுதான் முதலில் வினவுகின்றனர். ஆனால் எழுத்தின் அளவு, வண்ணப் பொருத்தம், வெற்றிடத்தின் அழகு ஆகியவை எந்த மென்பொருளிலும் ஒன்றே. முதல் ஓராண்டு இலவசக் கருவிகளில் கைபழகி, வேலையோ வருவாயோ உறுதியான பின், தேவைப்படும் ஒரு மென்பொருளுக்கு மட்டும் சந்தா கட்டுவதே விரலுக்குத் தகுந்த வீக்கம்.

பெங்களூருவில் தொழில் செய்ய விரும்புவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கடைப் பெயர்ப்பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-ல் மாநில அரசு சட்டத் திருத்தம் செய்தது. ஆகவே இங்கு வரைகலை கற்பவர் கன்னடம், ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்றையும் பிழையின்றி அமைக்கத் தெரிந்தவராக இருத்தல் நலம். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன், 'கொ', 'ஸ்ரீ' போன்ற தமிழ் எழுத்துகளையும் கன்னட ஒத்தெழுத்துகளையும் அதில் தட்டிப் பார்க்க வேண்டும். அவை சிதறினால் அம்மென்பொருள் நம் தொழிலுக்கு உதவாது. சில மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தனியே மாற்றினால்தான் எழுத்து சரியாக வரும். தமிழுக்கு 'பலூ தம்பி', கன்னடத்துக்கு 'பலூ தம்மா' என ஒரே குடும்பத்து எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஏழைப் பிள்ளைகளால் இவற்றைக் கற்க முடியுமா என்று ஐயுறுவோருக்கு இந்நகரிலேயே விடை இருக்கிறது. பன்னேர்கட்டா சாலைப் பகுதியின் குடிசைப் பகுதி ஒன்றில், கட்டற்ற மென்பொருள் தொண்டர்களின் துணையோடு நடந்த அம்பேத்கர் சமூகக் கணினி மையத்தில், கூலித் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகள் கிம்ப் மென்பொருளில் படம் வரையக் கற்றனர். அண்டை மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடமே கட்டற்ற மென்பொருளைக் கொண்டு நடக்கிறது. கர்நாடக அரசும் இத்தகைய முயற்சிக்குப் புதிதல்ல. கன்னடத்தைக் கணினியில் எழுத 'நுடி' மென்பொருளை மக்களுக்கு இலவசமாகக் கிடைக்கச் செய்த அரசு இது.

எனவே பாலிடெக்னிக்குகளும் கலைக் கல்லூரிகளும் குறிப்பிட்ட நிறுவனத்தின் பெயரைப் பாடத்திட்டத்தில் எழுதுவதைக் கைவிட்டு, கற்க வேண்டிய திறனை மட்டும் குறிப்பிட வேண்டும். தேர்வில் மாணவர் எந்த மென்பொருளில் வரைந்தாலும் ஏற்க வேண்டும். பயிற்சி நிலையங்கள், கட்டணத்தில் மென்பொருள் உரிமம் அடங்குமா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெற்றோரும் அதைக் கேட்டுப் பெற்ற பின்னரே பணம் கட்ட வேண்டும். பொது நூலகங்களில் நான்கைந்து கணினிகளில் இம்மென்பொருள்களை நிறுவி மாலை நேரத்தில் மாணவருக்குத் திறந்துவிட அரசு ஆவன செய்ய வேண்டும். அல்சூரில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளும் வார இறுதி வகுப்புகள் நடத்த முன்வரலாம். பெரும் பொருட்செலவு பிடிக்கும் காரியமல்ல இது.

திறமை உள்ள பிள்ளை, மாதச் சந்தா கட்ட வழியில்லை என்ற ஒரே காரணத்தால் கற்பதை நிறுத்திவிடக் கூடாது. கணினித் தொழிலால் உலகப் புகழ் பெற்ற நகரத்துக்கு அது அழகல்ல.