காகிதத்தில் ஒரு ‘சாந்தா மரியா’



சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவிற்குக் குடில் கட்டி முடித்தபின், மீந்திருந்த அட்டைகளைக் காட்டி, “தாத்தா, இவற்றில் கப்பல் செய்யலாமா?” என்று கேட்டான் என் பேரன். விழாக் காலத்திற்குப் பொருத்தமான கப்பல் ஒன்று உடனே நினைவிற்கு வந்தது. அன்னையின் பெயரைத் தாங்கி, கிறிஸ்து பிறப்பு இரவிலேயே தரைதட்டி உடைந்த ‘சாந்தா மரியா’தான் அது.

கொலம்பஸ் 1492 ஆகஸ்டு 3-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டுப் பாலோஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட மூன்று கப்பல்களில் பெரியது இதுவே. மாலைதோறும் மாலுமிகள் கிருபை தயாபத்துச் செபத்தைப் பாடியதாக அவருடைய நாட்குறிப்பு கூறுகிறது. இக்கப்பலின் வரைபடம் எதுவும் எஞ்சவில்லை. 1892-லும் 1929-லும் ஸ்பெயினில் கட்டப்பட்ட இரு மாதிரிக் கப்பல்களும் அமைப்பில் வேறுபட்டன. ஆயினும் மூன்று பாய்மரங்கள் இருந்தன என்பதும், எந்தெந்தப் பாய்கள் விரிக்கப்பட்டன என்பதும் தெரியும். காகிதக் கப்பலுக்கு அவ்வளவே போதும்.

செய்முறை கடினமன்று. முதலில் நாட்காட்டியின் பின்னட்டையில், அடிமரமாக நீண்ட சட்டம் ஒன்றையும், விலா எலும்புகளைப் போன்ற குறுக்குச் சட்டங்கள் ஏழெட்டையும் வெட்டிக்கொள்ள வேண்டும். சட்டங்களில் பிளவு வெட்டி ஒன்றில் ஒன்றைச் செருகினால் எலும்புக்கூடு நிற்கும். அதன்மேல் மெல்லிய அட்டைப் பட்டைகளைப் பலகைகள் போல் ஒட்ட வேண்டும். மடிக்க வேண்டிய இடத்தில் மை தீர்ந்த பேனாவினால் முன்னதாகக் கோடு அழுத்திவிட்டால் மடிப்பு நேராக வரும். ஊதுவத்திக் குச்சியின்மேல் காகிதத்தைச் சுருட்டி ஒட்டினால் பாய்மரம் ஆயிற்று. நூலை மெழுகுவர்த்தியின்மீது இழுத்தெடுத்தால், பிசிறடங்கிக் கயிறு போல் படியும்.

நாங்கள் ஒரு தவறு செய்தோம். ஆர்வ மிகுதியால் ஒரு பக்கத்துப் பட்டைகளை எல்லாம் முதலில் ஒட்டிவிட்டோம். மறுநாள் காலையில் பார்த்தால், பசை காய்ந்து இழுத்ததில் கப்பல் வாழைப்பழம் போல் வளைந்திருந்தது. வலப்புறம் ஒரு பட்டை ஒட்டினால், அதற்கு இணையானதை இடப்புறமும் உடனே ஒட்ட வேண்டும் என்பதைப் பட்டபின்பே கற்றோம். அனைத்தையும் பிரித்து மீண்டும் தொடங்கினோம்.

பசை காய்வதற்குக் காத்திருந்த வேளைகளில் கப்பலின் கதையைச் சொன்னேன். டிசம்பர் 24-ஆம் நாள் இரவு, கடல் அமைதியாக இருந்தது. களைத்துப்போன மாலுமிகள் உறங்கிவிட, சுக்கான் ஒரு சிறுவன் கையில் இருந்தது. நள்ளிரவு வேளையில், இன்றைய ஹெயிட்டி நாட்டின் வடகரையருகே கப்பல் மணல்திட்டில் ஏறிச் சிக்கிக்கொண்டது. செய்தி கேட்ட குவாக்கனகாரி என்னும் தைனோ குலத்தலைவர் தம் மக்களைப் படகுகளோடு அனுப்பினார். கப்பலிலிருந்த பொருள்கள் யாவும் கரைசேர்ந்தன. அவற்றில் ஒன்றுகூடக் காணாமற்போகவில்லை என்று கொலம்பஸே வியந்து குறித்துள்ளார். உடைந்த மரங்களைக் கொண்டு அங்கே கோட்டையொன்று கட்டப்பட்டது. ‘கிறிஸ்து பிறப்பு’ எனப் பொருள்படும் ‘நவிதாத்’ என்பது அதன் பெயர். அதில் 39 பேரை விட்டுச்சென்ற கொலம்பஸ், 1493 நவம்பரில் திரும்பியபோது கோட்டை எரிந்து கிடந்தது. அவர்களில் எவரும் உயிரோடில்லை.

“உதவி செய்த அந்த மக்கள் என்ன ஆனார்கள், தாத்தா?” என்றான் பேரன்.

நான் சற்றே தயங்கினேன். விழா நாளில் குழந்தையிடம் சொல்லத்தக்க கதையா அது? ஆனால் பாதியை மறைத்துச் சொல்வது, ஒரு பக்கம் மட்டும் ஒட்டுவது போலல்லவா? ஆகவே சொன்னேன். 1495-ல் அந்தத் தீவின் மக்களில் ஏறக்குறைய 500 பேர், அடிமைகளாக விற்கப்படுவதற்கென ஸ்பெயினுக்குக் கப்பலேற்றப்பட்டனர். தங்கத்திற்காகவும் தோட்டங்களுக்காகவும் கசக்கிப் பிழியப்பட்டும், நோயால் மடிந்தும், சில பத்தாண்டுகளில் அவர்களுள் மிகச் சிலரே எஞ்சினர். இவற்றைச் செய்தோர் திருமுழுக்குப் பெற்றவர்களே.

மறுபக்கத்தையும் சொன்னேன். தைனோ மக்களை வேலை வாங்கி வாழ்ந்த குருவானவர் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ், 1514-ல் பெந்தகோஸ்தே மறையுரைக்காகச் சீராக் நூலைத் தியானித்தபோது மனம் வருந்தினார். அவர்களை விடுவித்து, எஞ்சிய ஆயுள் முழுவதும் அவர்களுக்காக வாதாடினார். பின்னர் சாமிநாதர் சபைத் துறவியாகவும் ஆயராகவும் ஆனார். கொலம்பஸின் மூல நாட்குறிப்பு அழிந்துவிட்டது. நாம் அறிவதெல்லாம் இவர் எழுதிவைத்த சுருக்கத்தின் வழியாகவே. 1537-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல், அம்மக்களின் உரிமையையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று ஆணை வெளியிட்டார்.

பேரன் மறுமொழி கூறவில்லை. கடைசி வேலை எஞ்சியிருந்தது. இக்கப்பலின் பெரிய பாயில் சிவப்புச் சிலுவை வரைவது வழக்கம். அவன் அளவுகோலை வைத்து மெதுவாக வரைந்தான். பின்பு, துண்டு அட்டைகளில் சிறு படகுகள் இரண்டு செய்து, கப்பலின் பக்கத்தில் வைத்தான். “இவர்கள்தான் உதவிக்கு வந்தவர்கள்” என்றான்.

பெற்றோர்களே, வரும் விடுமுறையில் பிள்ளைகளோடு அமர்ந்து இக்கப்பலைச் செய்து பாருங்கள். பாயில் சிலுவையை வரைய ஐந்து நிமிடம் போதும். உள்ளே மறைந்துள்ள சட்டங்களை நேராக்கத்தான் நாட்கள் பிடிக்கின்றன. நம் இல்லங்களிலும் அவ்வாறே. வாசலில் சிலுவை மாட்டிய வீட்டிற்குள் வேலைக்கு வரும் எளியவர் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர்.